பேஸ்பால் பார்ப்பதால் தொழிலும் பொருளாதாரமும் புரியுமா?

புரியும். ஊர் ஊராகப் போய் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது 2002ஆம் ஆண்டின் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி. வீரர்களின் சம்பளத்துக்கு அவர்கள் செலவிட்டது சுமார் 4 கோடி டாலர்; நியூயார்க் யாங்கீஸ் செலவிட்டது அதைப்போல மூன்று மடங்கு. லீக் சுற்றில் இரண்டு அணிகளும் வென்றது தலா 103 ஆட்டங்கள்!

ஓங்கி அடிப்பவருக்குச் சந்தையில் விலை அதிகம். நான்கு தவறான பந்துகளைத் தொடாமல் விட்டு, நடந்தே முதல் தளத்தை (ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு தளங்களில் முதலாவது) அடையும் பொறுமைசாலிக்கு விலை குறைவு. ஓட்டம் சேர்வதில் அவருக்கும் பெரும் பங்குண்டு. பொது மேலாளர் பில்லி பீன் அப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்தார். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு, கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) தொடர முடியாமல் போன ஸ்காட் ஹாட்டபர்க்குக்கு முதல் தளத்தைக் காக்கும் இடம் கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்து, தொடர்ச்சியான 20ஆவது வெற்றியைத் தந்தவர் அவர்தான்.

ஒஹாயோவில் நான் போன ஒரு தொழிற்சாலையில், ஆள்குறைப்புப் பட்டியலின் முதல் பெயர் ஒரு பராமரிப்பு ஊழியருடையது. இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே, எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். உற்பத்திக் கணக்கில் அவர் பெயருக்கு நேரே எதுவும் இல்லை. அந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கவைக்க மூன்று நாள் வாதாடினேன்.