24 வயசுல மறதி, சுகரும் பார்டர்ல இருக்கு: மூளை பாதிக்குமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 24 வயசு, 168 செ.மீ உயரம், 94 கிலோ. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரை காட்டற டெஸ்ட்) 6.1ன்னு வந்திருக்கு. கொஞ்ச மாசமா பகல்ல தலை மந்தமா இருக்கு, மீட்டிங்ல பேசினது மறந்துடுது. குண்டா இருந்தா சின்ன வயசுலயே மூளை பாதிக்கும்னு ஒரு செய்தி படிச்சேன். அல்சைமர் வந்துடுமா? அம்மா சுகருக்கு பல வருஷமா மெட்ஃபார்மின் போடறாங்க, அவங்களுக்கும் இப்ப மறதி.

பதில்: தம்பி, 24 வயசுல மீட்டிங்ல பேசினது மறக்குதுன்னா அதுக்கு அல்சைமர் காரணமா இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம், பயப்படாதீங்க. 6.1ங்கறது ப்ரீடயாபடிஸ், அதாவது சுகர் வியாதிக்கு முந்தின, 5.7ல இருந்து 6.4 வரைக்கும் உள்ள கட்டம். சராசரி சுகர் 128 கிட்ட வரும், அதுக்கே தலை இவ்வளவு மந்தமாகாது.

அதனால நான் முதல்ல கேக்கறது தூக்கத்தை. குறட்டை விடுறீங்களா, காலைல எழுந்தா தலைவலி, வாய் வறட்சி இருக்கா? உங்க வெயிட்டுக்கு கழுத்துல சேர்ற கொழுப்பு ராத்திரி மூச்சுக்குழாயை அமுக்கும், மூச்சு பத்து இருபது செகண்டு நிக்கும், ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி உங்களை அரைகுறையா எழுப்பும், திரும்ப தூங்குவீங்க, திரும்ப நிக்கும். தீவிரமா இருந்தா மணிக்கு 30 தடவைக்கு மேலயும் நடக்கும், காலைல உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது! ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. பக்கத்துல படுக்கறவங்களை கேளுங்க, இல்ல போன்ல ரெக்கார்ட் போட்டுட்டு படுங்க. சந்தேகம் இருந்தா, தூங்கறப்போ மூச்சை அளந்து பாக்கற ஸ்லீப் ஸ்டடி பண்ணிக்கோங்க. கூடவே தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பாத்துடுங்க. மனசு சோர்வா இருக்கான்னும் யோசிங்க, டிப்ரஷன்லயும் இதே மாதிரி மறதி வரும்.

நீங்க படிச்ச செய்தி அனேகமா 2025ல அரிசோனால இருந்து வந்த ஸ்டடியா இருக்கும். உடல் பருமன் உள்ள இளவயசுக்காரங்க ரத்தத்துல, நரம்பு செல் சேதமானா வெளிய வர்ற ஒரு புரோட்டீன் கூடுதலாவும் கோலின் சத்து கம்மியாவும் இருந்துச்சு. ரொம்ப சின்ன ஸ்டடி, இதை வச்சு நோய் வரும்னு சொல்ல முடியாது, தலைப்பு போடறவங்க அதை எழுத மாட்டாங்க.

எனக்கு கவலை தர்றது வேற. சின்ன வயசுல வர்ற டைப் 2 சுகர் வேகமா முத்தும். அமெரிக்காவுல டுடேன்னு ஒரு ஸ்டடி, சிறுவயசுலயே சுகர் வந்தவங்களை வருஷக்கணக்கா பாத்தாங்க, சராசரி 26 வயசு ஆகறப்பவே 60 சதவீதம் பேருக்கு கண்ணு, கிட்னி, நரம்புன்னு ஏதாவது ஒண்ணு பாதிச்சிருந்துச்சு. கண்ணுக்குள்ள இருக்கற பொடி ரத்தக்குழாய் கெட்டா மூளைக்குள்ள இருக்கறது மட்டும் தப்பிக்குமா? உடம்பு எடையில 2 சதவீதம்தான் மூளை, ஆனா சும்மா இருக்கறப்பவே 20 சதவீத சக்தியை அது எடுத்துக்குது, எல்லாம் அந்த குழாய் வழியாத்தான் போகணும். போதாததுக்கு வயித்து கொழுப்பு அழற்சி ரசாயனங்களை ரத்தத்துல விட்டுட்டே இருக்கும், ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸுக்கு இன்சுலின் சரியா வேலை செய்யணும், அங்கயும் அது மக்கர் பண்ண ஆரம்பிக்குது.

நீங்க இன்னும் அந்த கட்டத்துக்கு போகல. 7 சதவீதம் வெயிட் குறைக்கறது, வாரம் 150 நிமிஷம் வேகமா நடக்கறது, இத இலக்கா வச்சு ப்ரீடயாபடிஸ்காரங்களை பாத்தப்போ சுகர் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுது, 2002லயே வந்த ரிசல்ட். உங்களுக்கு ஆறரை கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாசத்துல இறக்க வேணாம், திரும்ப ஏறிடும். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடங்க, இனிப்பு ட்ரிங்க்ஸை நிறுத்துங்க, பிபி பாருங்க. கழுத்துக்கு பின்னாடி தோல் கருத்து வெல்வெட் மாதிரி தடிச்சிருந்தா தேய்ச்சு கழுவி பிரயோஜனம் இல்ல, அது அழுக்கு இல்ல, இன்சுலின் எதிர்ப்போட, அதாவது உடம்பு இன்சுலினுக்கு சரியா கட்டுப்படாததோட அடையாளம்.

அம்மா விஷயத்தைத்தான் சீக்கிரம் பாக்கணும். மெட்ஃபார்மின் பல வருஷம் எடுத்தா பி12 குறையலாம், மறதி, கால் மரத்துப் போறது, எரிச்சல் எல்லாம் அதனால வரும், ஊசியோ மாத்திரையோ போட்டா பெரும்பாலும் தேறிடும். வேற சுகர் மாத்திரையும் போடறாங்கன்னா சுகர் ரொம்ப இறங்கியும் குழப்பம் வரலாம், அதனால குழப்பமா பேசற நேரத்துல குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70க்கு கீழ இருந்தா உடனே சர்க்கரை கொடுத்துட்டு டாக்டர்கிட்ட டோஸை மாத்த சொல்லுங்க. மெட்ஃபார்மினை நீங்களா நிறுத்திடாதீங்க.