நிலத்தை விற்காதீர்கள், மகளைப் பூஞ்சை படிக்க விடுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தகப்பனார் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நீட் தேர்வில் தகுதி பெற்றுவிட்டாள். அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. தக்காளி விளையும் நிலத்தை விற்றாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வையுங்கள் என்று தாய்மாமன் நெருக்குகிறாராம்.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நிலத்தை விற்கக் கூடாது. அங்கே படித்து முடித்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறாமல் மருத்துவம் பார்க்க முடியாது. தேறாவிட்டால் நிலமும் போய், பட்டமும் பயன்படாமல் நிற்பது நீங்கள்தான், மைத்துனர் அல்ல.

பொறியியல், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் உங்கள் மகளின் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கரையான் புற்றில் முளைத்த காளானின் குடையை அறுத்து, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படும்படி வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விட்டிருக்கிறாள். காலையில் தாளில் படிந்த வித்துத்தூளின் வெளிறிய இளஞ்சிவப்பு, பறித்த இடம், பக்கத்தில் நின்ற மரம், எல்லாம் தேதியோடு இருக்கின்றன. காளானும் பூஞ்சைதான், பூஞ்சை ஆய்வாளர்கள் செய்வதும் இதைத்தான். (இதை நம்பிக் காட்டுக் காளானைச் சமைத்துவிட வேண்டாம்.)

பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றால் இத்தனை காலம் விலங்கும் மரமும்தான். உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2023-இல் மதிப்பிட்டது. பெயர் பெற்றவை ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டும். அழியும் ஆபத்தை மதிப்பிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் பூஞ்சைகள் ஆயிரத்தைக் கடந்ததே 2025-இல்தான். 2024-இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டையொட்டி, பூஞ்சைகளையும் காக்கும் உறுதிமொழியைச் சிலியும் பிரிட்டனும் முன்வைத்தன. உறுதிமொழி காகிதத்தில் நின்றுவிடாமல் இருக்க, காட்டில் இறங்கி இனம் பிரித்துச் சொல்லும் ஆட்கள் வேண்டும். மேலகிரியும் சித்தேரி மலையும் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தைக் குறிவையுங்கள், சி.வி. சுப்பிரமணியன் போன்ற பூஞ்சையியலாளர்கள் உழைத்த இடம் அது. பிறகு ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். தேசிய பூஞ்சைச் சேகரிப்பைப் பேணும் புனே அகார்கர் நிறுவனம், சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்ககம் போன்றவை இத்துறை ஆட்களுக்கான இடங்கள்.

நெட் கடினம். நிலையான வேலைக்கு எட்டுப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை வட்டி கட்டும் நிலை உங்களுக்கு வராது. இந்த வாரமே அவளை உட்காரவைத்து, விண்ணப்பத்தில் தாவரவியலை முதல் விருப்பமாக அவள் கையாலேயே பதியச் சொல்லுங்கள்.