மூன்று நோடு உள்ள போஸ்ட்கிரெஸ் கிளஸ்டரைக் கண்காணிக்க ஒரு எக்ஸ்போர்ட்டர் போதுமா, நோடுக்கு ஒன்று வேண்டுமா?

நோடுக்கு ஒன்று, அதாவது ஒவ்வொரு டேட்டாபேஸ் சர்வருக்கும் அதன் நிலவரத்தை எண்களாக எடுத்துத் தரும் சின்ன புரோகிராமான எக்ஸ்போர்ட்டர் ஒன்று. அதோடு, ஒவ்வொன்றும் எந்த முகவரியிடம் போய்க் கேட்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கேள்வி என் பழைய புண்ணில் பட்டுவிட்டது.

உங்களிடம் ஒரு பிரைமரி (எழுதுவதையெல்லாம் ஏற்கும் சர்வர்), இரண்டு ரெப்ளிகா (அதன் நகல்கள்), எப்போதும் பிரைமரியையே காட்டும் ஒரு பொது முகவரி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எங்களிடமும் அதேதான். மூன்று நோடிலும் எக்ஸ்போர்ட்டரை ஏற்றி, 9187 போர்ட்டைத் திறந்து, அந்த எண்களைச் சேகரிக்கும் புரோமிதியஸில் மூன்று டார்கெட்டாகச் சேர்த்தேன். மூன்றும் பச்சை. அவற்றைக் கிராஃபாகக் காட்டும் கிராஃபானாவைத் திறந்தால் மூன்று கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே கோடுதான் தெரிந்தது, மற்ற இரண்டும் அச்சு அசலாக அதன் அடியில் படுத்திருந்தன. "லோடு எவ்வளவு சமமாகப் பிரிகிறது பாருங்கள்" என்று மீட்டிங்கில் காட்டியவன் நானேதான்.

சமமாவது மண்ணாவது. ஒரே கான்ஃபிக் கோப்பை மூன்று இடத்திலும் போட்டிருந்தேன். கனெக்‌ஷன் வரியில் லோக்கல்ஹோஸ்ட் இல்லை, அந்தப் பொது முகவரி இருந்தது. மூன்று எக்ஸ்போர்ட்டரும் பிரைமரியிடமே போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

இதற்கிடையில் இரண்டாவது ரெப்ளிகா சத்தமில்லாமல் நின்றுபோனது. ரெப்ளிகா பிரைமரியைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் பின்னடைவு கிராஃப் மூன்று நோடுக்கும் 0 என்றே காட்டியது. பிரைமரிக்கு ஏது பின்னடைவு? ஆனால் நின்றுபோன ரெப்ளிகாவின் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது எதுவரை வாங்கியது என்ற குறிப்பு) பிரைமரியில் அப்படியே இருந்தது. என்றாவது வந்து வாங்கிக்கொள்வான் என்று வால் (WAL, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) கோப்புகளை அது பத்திரமாகச் சேர்த்து வைத்தது. பெயருக்கேற்றபடி அனுமார் வால்தான். ஒரு விடியற்காலை டிஸ்க் நிரம்பி, பிரைமரி 'பேனிக்' என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிட்டது.

டிஸ்க் அலெர்ட் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, ரூட் பார்ட்டிஷனுக்கு மட்டும். வால் தனி டிஸ்கில் இருந்தது. "அந்தக் கோப்புகளைக் கையால் அழித்துவிடலாமே" என்று ஒருவர் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை, கேட்டிருந்தால் டேட்டாபேஸே போயிருக்கும். டிஸ்கைக் கொஞ்சம் பெரிதாக்கி, சர்வரை எழுப்பி, ஸ்லாட்டை டிராப் செய்து, தேவையற்ற வால் கோப்புகள் நீங்கச் செக்பாயின்ட் ஓட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஸ்லாட் பிடித்துவைக்கும் அளவுக்கு வரம்பு போட ஒரு செட்டிங் உண்டு. நாமாகப் போடாவிட்டால் வரம்பே கிடையாது.

இரவு முழுக்க இதைச் செய்துவிட்டு காலை பத்து மணி மீட்டிங்குக்கும் போகவேண்டும். "முன்பே ஏன் தெரியவில்லை?" என்று கேட்டவர், அதற்கு முந்தைய வாரம்தான் டாஷ்போர்டின் நிறம் கண்ணைக் குத்துகிறது என்று என்னை இரண்டு நாள் அதிலேயே உட்காரவைத்தவர். இரவு வேலைக்கு மறுநாள் லீவு கேட்டால், "வீட்டிலிருந்துதானே பார்த்தீர்கள்" என்றார். சரி, விடுங்கள்.

இப்போது நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். எக்ஸ்போர்ட்டருக்குத் தனி யூசர், அவனுக்கு கண்காணிக்கத் தேவையான அனுமதிகளைத் தரும் பிஜி_மானிட்டர் ரோல் மட்டும். 10-ஆம் பதிப்பிலிருந்து அது இருக்கிறது, சூப்பர்யூசர் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்கவேண்டியதில்லை. கனெக்‌ஷன் வரியில் லோக்கல்ஹோஸ்ட். அலெர்ட்டை புரோமிதியஸ் தரும் 'அப்' எண் மீது மட்டும் வைக்காதீர்கள். எக்ஸ்போர்ட்டர் பதில் சொன்னாலே அது 1 ஆகிவிடும், பின்னால் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும். 'பிஜி_அப்' தான் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது.

பின்னடைவு எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டேன். ரெப்ளிகா பிரைமரியோடு தொடர்பு அறுந்து நிற்கும்போது, வாங்கியதையெல்லாம் அது ஓட்டி முடித்திருந்தால் எக்ஸ்போர்ட்டர் 0 என்றே சொல்லும். அதனால் பிரைமரியில், இணைந்திருக்கும் ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் ஒரு வரி காட்டும் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுகிறேன். இரண்டுக்குக் குறைந்தால் போன் அடிக்கும். ஆக்டிவ் இல்லாத ஸ்லாட் இருந்தாலும் அடிக்கும்.

ஒரே எக்ஸ்போர்ட்டரை வைத்துப் பல டார்கெட்டைக் கேட்கலாமே என்று யாராவது கமென்டில் வருவீர்கள். தெரியும், வசதி இருக்கிறது, தவறென்று சொல்லவில்லை. அதிலும் ஒவ்வொரு நோடின் சொந்த முகவரியைத்தான் கொடுக்கவேண்டும். தவிர, அந்த ஒரு எக்ஸ்போர்ட்டர் விழுந்தால் மூன்று கண்ணும் ஒன்றாக மூடிக்கொள்ளும்.

எல்லாம் இணைத்த பிறகு, ஆட்கள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு ரெப்ளிகாவை நீங்களே ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள். அந்த நோடின் பிஜி_அப் மட்டும் 0 ஆகவேண்டும். மூன்றும் 1 என்றே நின்றால், முதலில் கனெக்‌ஷன் வரியைத் திறந்து பாருங்கள்.