உயிரின் அடிப்படை வேதியியல்: கேள்வி பதில்

கேள்வி: பூமியின் மேலோட்டில் கார்பனைவிடச் சிலிக்கான் பன்மடங்கு மிகுதியாக இருக்கிறது. இரண்டுமே நான்கு பிணைப்புகளை உருவாக்கக்கூடியவை. அப்படியிருக்க, உயிர்கள் அனைத்தும் கார்பனைச் சார்ந்திருப்பது ஏன்?

பதில்: நான்கு பிணைப்புகள் என்பதோடு ஒற்றுமை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. கார்பன் அணு சிறியது. அது தன் இனத்து அணுக்களோடு உறுதியான நீண்ட சங்கிலிகளையும் வளையங்களையும் அமைக்கிறது. சிலிக்கானோ ஆக்சிஜனைக் கண்டால் அதனோடு இறுகப் பிணைந்து, மணலிலும் பாறையிலும் காணப்படும் சிலிக்கான் டை ஆக்சைடு என்னும் திண்மமாகிவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு வாயுவாக இருப்பதாலும் நீரில் கரைவதாலும்தான், ஓர் உயிரி வெளியேற்றும் கார்பனை இன்னொன்று எடுத்துக்கொள்ள முடிகிறது.

கேள்வி: ஹைட்ரஜன் பிணைப்பு வலுவற்றது என்று பாடநூல் சொல்கிறது. அதை நம்பி டிஎன்ஏவின் இரு இழைகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

பதில்: வலுவற்றது என்பது உண்மைதான். நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் சகப்பிணைப்பை, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்வதால் உண்டாகும் பிணைப்பை, முறிக்க மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் தேவை. இரு நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 கிலோஜூல் போதும். ஆனால் டிஎன்ஏவில் காரங்கள் எனப்படும் அலகுகளுள் அடினினும் தைமினும் இரண்டு, குவானினும் சைட்டோசினும் மூன்று என்று இப்பிணைப்புகள் இழை நெடுகத் தொடர்கின்றன. அடுக்கடுக்காக அமைந்த காரங்களுக்கு இடையிலான ஈர்ப்பும் இழைகளைச் சேர்த்து வைப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது; பாடநூல்கள் இதை ஏனோ ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றன. இழைகளைச் சகப்பிணைப்புகள் இணைத்திருந்தால், செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அவற்றைத் திறந்து படியெடுப்பது பெரும்பாடாகியிருக்கும். தனித்தனியே எளிதில் அவிழ்வதும் ஒன்றாகச் சேர்கையில் நிலைப்பதுமான இந்த இயல்புதான் அங்கே வேண்டியிருக்கிறது. புரதங்களின் மடிப்பும் இத்தகைய மெல்லிய ஈர்ப்புகளையே பெரிதும் நம்பியிருப்பதால், மிதமான வெப்பத்திலேயே ஒரு நொதி, அதன் அமினோ அமிலச் சங்கிலி அறுபடாமலே, வடிவத்தையும் செயலையும் இழந்துவிடுகிறது.

கேள்வி: செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி (ATP) மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று உயிரியல் வகுப்பில் படித்தேன். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் தேவை என்கிறார் வேதியியல் ஆசிரியர். யார் சொல்வது சரி?

பதில்: வேதியியல் ஆசிரியர் சொல்வதே சரி. ஏடிபி நீரோடு வினைபுரியும்போது பழைய பிணைப்புகள் உடைய ஆற்றல் செலவாகிறது. புதிய பிணைப்புகள் உருவாகும்போது ஆற்றல் கிடைக்கிறது. வினைபடுபொருள்களான ஏடிபியும் நீரும் இருந்த நிலையைவிட, ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் கிடைக்கும் அடினோசின் டைபாஸ்பேட்டும் (ADP) தனிப் பாஸ்பேட்டும் நிலைப்புமிக்கவை. ஏனெனில் ஒன்றையொன்று விலக்கும் எதிர்மின்சுமைகள் அங்கே பிரிந்துவிடுகின்றன. அந்த நிலைப்பின் வேறுபாடே, திட்ட நிலைமைகளில் மோலுக்கு ஏறத்தாழ 30.5 கிலோஜூலாகக் கணக்கிடப்படுகிறது. ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்ற தொடரைக் கைவிட்டாலே இக்குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: உயிர்ப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்க முடியாது என்ற நம்பிக்கையை ஜெர்மன் வேதியியலாளர் வோலர் முறியடித்தார் என்பது உண்மையா?

பதில்: 1828இல் அவர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கை ஒரே நாளில் சரிந்துவிடவில்லை. அதன்பின் பல பொருள்கள் செயற்கையாக உருவாக்கப்பட்ட பிறகே படிப்படியாக மறைந்தது.

கேள்வி: இரத்தத்தின் பிஹெச் (pH) அளவு, அதாவது அமில, காரத்தன்மையைக் காட்டும் எண், மாறாமல் இருப்பது எப்படி?

பதில்: அது 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. இது மடக்கை அளவீடு என்பதால், 0.3 குறைந்தாலே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரட்டிப்பாகிவிடும். கூடுதலாக வரும் அயனிகளைப் பைகார்பனேட் ஏற்றுக்கொள்ள, உருவாகும் கார்பானிக் அமிலம் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிந்து மூச்சுவழி வெளியேறுகிறது. மூச்சை அடக்கும்போது எழும் தவிப்புக்கும் ஆக்சிஜன் குறைவைவிட, தேங்கும் கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கும் அமிலத்தன்மையே முதன்மையான காரணம்.