காப்பி இயந்திரத்தைத் தவணையில் எடுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். வேலை நாளில் காலையில் ஆளுக்கொரு லாத்தே என்ற பால் காப்பி, ஒன்று 13 வெள்ளி (ரிங்கிட்). மாலையில் வீடு திரும்பும் வழியில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஆளுக்கொரு மசாலா டீ, 3 வெள்ளி 50 காசு. 2,600 வெள்ளிக்கு, அழுத்தத்தில் காப்பி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 12 மாதம் வட்டியில்லாத் தவணை தருகிறார்கள். அதே கார்டில் 5,000 வெள்ளி பாக்கி இருக்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுகிறேன். வீட்டிலேயே போட்டுக் குடித்தால் மிச்சம்தானே? அல்லது தூள் அடைத்த சிறு குப்பியைப் போட்டுக் காப்பி இறக்கும் கேப்சூல் இயந்திரம் போதுமா?

பதில்: மிச்சமாகும். ஆனால் கார்டுப் பாக்கி தீரும்வரை அந்த இயந்திரம் வேண்டாம். இப்போதைக்கு 400 வெள்ளிக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

மாதம் 22 வேலை நாள் என்றால் காப்பிக்கு 572 வெள்ளி, டீக்கு 154 வெள்ளி. சேர்த்து 726. வீட்டில் அதே லாத்தேக்கு என்ன செலவாகும்? ஒரு டபுள் ஷாட்டுக்கு, அதாவது இரட்டை அளவு எஸ்பிரெஸ்ஸோவுக்கு, 18 கிராம் காப்பிக் கொட்டை. 250 கிராம் பை 45 வெள்ளி என்றால் 13 கோப்பை வர வேண்டும். அரைப்பைச் சரிசெய்யும்போது வீணாவதைக் கழித்தால் 12தான் தேறும். ஆக 3 வெள்ளி 75 காசு. பால் 180 மில்லி, லிட்டர் 8 வெள்ளி விலையில் 1 வெள்ளி 44 காசு. மின்சாரமும் துப்புரவுப் பொடியும் 30 காசு. கிட்டத்தட்ட 5 வெள்ளி 50 காசு. கோப்பைக்கு 7 வெள்ளி 50 காசு மிச்சம். விலைகளை உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

44 கோப்பையையும் வீட்டிலேயே குடித்துவிடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள். தூங்கிவிடும் நாள் உண்டு, பால் தீர்ந்துபோகும் நாள் உண்டு, அலுவலக நண்பர்கள் கூப்பிடும் நாளும் உண்டு. 22 நாளில் 14 நாள், அதாவது 28 கோப்பை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். மிச்சம் 210 வெள்ளி. தவணையோ மாதம் 217 வெள்ளி. முதல் ஓர் ஆண்டு கையில் ஒரு காசு நிற்காது.

அதோடு அந்த 2,600 முழு விலையும் இல்லை. எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைப்பு மிக நுண்மையாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கடையில் அரைத்து வாங்கிய தூள் சில நாளிலேயே மணம் இழக்கிறது. உங்கள் இயந்திரத்துக்குத் தக்கபடி அதை மாற்றவும் முடியாது. நல்ல அரைப்பான் ஒன்றுக்கு 900, தராசு, பால் குவளை முதலியவற்றுக்கு 150 ஒதுக்குங்கள். மொத்தம் 3,650. 210 வெள்ளி மிச்சத்தில் அது திரும்பிவர ஏறக்குறைய 17 மாதம் ஆகும்.

இனி கார்டு. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி, 12 மாதமும் நாள் தவறாமல் குறைந்தபட்சத் தொகை கட்டியவருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு வரை; அடிக்கடி தவறியவருக்கு 18 வரை. 5,000 வெள்ளிக்கு மாதம் 62 முதல் 75 வெள்ளி வட்டிக்கே போகிறது. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, 50 வெள்ளிக்குக் குறையாமல். பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறைவதால், 18 விழுக்காட்டில் புதிதாக எதையும் வாங்காவிட்டாலும் கடன் தீர ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. காலையில் அதே கார்டைத் தட்டி வாங்கும் லாத்தேக்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும். வட்டியில்லாத் தவணையும் அப்படித்தான்: மாதத் தவணை பில்லில் வந்தபின் முழுதாகக் கட்டாவிட்டால், கட்டாத பகுதி சாதாரணப் பாக்கியோடு சேர்ந்து வட்டி ஏறும். காப்பி, டீ செலவை இன்றே ரொக்கத்துக்கோ டெபிட் கார்டுக்கோ மாற்றுங்கள்.

400 வெள்ளி ஏற்பாடு இது. அடுப்பில் வைத்து ஆவியழுத்தத்தில் டிகாஷன் இறக்கும் 3 கோப்பை அளவு மோக்கா பானை 120, கையால் சுற்றும் அரைப்பான் 250, பால் நுரைக்கும் சின்னக் கருவி 30. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியப் பானை சூடேறாது, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் வாங்குங்கள். கீழ்ப்பானையில் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை வெந்நீர். தூள் சுமார் 16 கிராம், எஸ்பிரெஸ்ஸோவைவிடச் சற்றுப் பெரிதாக அரைத்தது. கூடையில் நிரவினால் போதும், அழுத்தக் கூடாது. சிறு தீ. டிகாஷன் நிறம் வெளுத்துக் களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். கருகிய கசப்பு வருவது தீ அதிகமானதாலும் இறக்கத் தாமதித்ததாலும். பக்கவாட்டில் ஆவி கசிந்தால் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

கிடைப்பதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு 180 மில்லி பால் சேர்க்கலாம். பாலை 60 முதல் 65 பாகை வரை சூடாக்கினால் போதும்; 70ஐத் தாண்டினால் இனிப்பு மங்கி, காய்ந்த பால் வாடை வந்துவிடும். மோக்கா பானையின் அழுத்தம் 1, 2 பார்தான், எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் 9 பார் அல்ல. ஆகவே மேலே தடித்த பொன்னிற நுரை நிற்காது. பால் சேர்த்துக் குடிப்பவருக்கு அது பெரிய குறையில்லை. செலவு கோப்பைக்கு 3 வெள்ளி, மிச்சம் 10. 28 கோப்பைக்கு 280. ஒன்றரை மாதத்தில் முதல் திரும்பிவிடும்.

கேப்சூல் வேண்டாம். ஒன்று 2 வெள்ளி 50 காசு என்றால் மலிவாகத் தெரியும். உள்ளே 5, 6 கிராம் தூள்தான். கிலோ 400 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறீர்கள். கொட்டையாக வாங்கினால் கிலோ 180.

மசாலா டீக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. இரண்டு பேருக்கு 250 மில்லி தண்ணீரில் நசுக்கிய இஞ்சி 10 கிராம், ஏலக்காய் 3, கிராம்பு 2, மிளகு 4, ஓர் அங்குலப் பட்டை போட்டு 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 6 கிராம் தேயிலைத் தூள் சேர்த்து 2 நிமிடம். பிறகு 200 மில்லி பால். இரண்டு முறை பொங்கி வந்ததும் வடிகட்டலாம். பச்சை இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். தண்ணீரில் முதலில் கொதிக்கும்போது நொதி செயலிழந்துவிடுகிறது. இதில் விலை கூடியது ஏலக்காய்தான். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் 100 கிராமாக, முழுதாக வாங்கி இறுக மூடி வையுங்கள். பொடித்து வைத்தால் சில வாரத்தில் மணம் போய்விடும். கோப்பைக்கு 1 வெள்ளி 25 காசு ஆகும். மாதத்தில் 13 மாலை வீட்டில் குடித்தால் 58 வெள்ளி மிச்சம். மற்ற மாலைகளில் மாமாக் கடைக்குப் போங்கள். இருவரும் உட்கார்ந்து பேசும் நேரத்தை 3 வெள்ளி 50 காசுக்காக விட வேண்டாம்.

280ம் 58ம் சேர்ந்து 338. இப்போது கட்டும் குறைந்தபட்சத் தொகை 250ஐயும் சேர்த்து, சம்பளம் வந்த அன்றே 590 வெள்ளியைக் கார்டுக்கு அனுப்பும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுங்கள். 18 விழுக்காட்டிலும் பத்தாவது மாதத்தில் கடன் முடியும். வேறு கார்டுகளிலும் பாக்கி இருந்து திணறினால் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனத்தை அணுகலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனை இலவசம்.

கடன் தீர்ந்தபின் அதே 590ஐச் சேர்த்தால் 7 மாதத்தில் இயந்திரமும் அரைப்பானும் ரொக்கத்தில் வாங்கலாம். அதற்குள் மோக்கா பானை மூலையில் கிடந்தால், இயந்திரமும் அப்படித்தான் கிடந்திருக்கும், வாங்காதீர்கள். வாங்குவதானால் சிரிம் எனும் மலேசியத் தரச்சான்று முத்திரையும் உள்ளூர் உத்தரவாதமும் பாருங்கள். ரப்பர் வளையம் இங்கேயே கிடைக்குமா என்று கேளுங்கள். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 வினாடிக்குள் வர வேண்டும். 15 வினாடியில் கொட்டிப் புளித்தால் இன்னும் நுண்மையாக அரையுங்கள். 40 வினாடி இழுத்துக் கசந்தால் சற்றுப் பெரிதாக. கோப்பித்தியாம் எனப்படும் உள்ளூர்க் காப்பிக் கடைகளின் கோப்பிக்கென்று சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த கொட்டையை மட்டும் அந்த அரைப்பானில் போடாதீர்கள். சீனிப் பாகு அரைப்பானின் பல்லில் ஒட்டி இறுகும். பழுதுபார்க்கும் செலவில் பல மாத மிச்சம் போய்விடும்.