பத்துக்கு நாலு வாங்கிய பள்ளியில் சேர்க்கலாமா?

தம்பி, பாலக்கோட்டிலிருந்து நியூ ஜெர்சி வந்து, மகளை நாலாம் வகுப்பில் சேர்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். பார்த்து வைத்த வீட்டுக்கு உரிய அரசுப் பள்ளிக்கு, பள்ளிகளுக்கு மார்க் போடும் இணையதளத்தில் பத்துக்கு நாலுதான். "பாதிப் பிள்ளைகள் இலவசச் சாப்பாடு வாங்குகிறவர்கள், வேண்டாம்" என்கிறார்களாம் உடன் வேலை செய்பவர்கள். மாதம் அறுநூறு டாலர் கூடக் கொடுத்து, எட்டு வாங்கிய பள்ளிப் பக்கம் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நம் பக்கத்தில் பார்த்ததுதானே? பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, பிளஸ் டூ ரிசல்ட்டைப் பேனர் போட்டுக் காட்டும் விடுதிப் பள்ளிகள் நாமக்கல், ராசிபுரம் பக்கம் எத்தனை! தளி, தேன்கனிக்கோட்டையில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குத் தமிழில் பாடம் நடத்தும் வாத்தியாரின் உழைப்பு எந்தப் பேனரிலும் வராது.

இங்கே பரீட்சை வைத்துப் பொறுக்குவதில்லை, வீட்டு விலாசமே பொறுக்கிவிடுகிறது. வாடகையும் சொத்து வரியும் ஏறிய தெருவில் வசதியான பெற்றோர்தான் குடியிருக்க முடியும். அவர்கள் டியூஷன் வைப்பார்கள், பள்ளியின் மார்க் ஏறும். மத்திய அரசின் விதிப்படி, குடும்ப வருமானம் வறுமைக்கோட்டில் 130 சதவீதம்வரை இருந்தால் முழு இலவச உணவு, 185வரை சலுகை விலை; நியூ ஜெர்சியில் அந்தச் சலுகை விலைக்காரர்களுக்கும், அதற்குச் சற்று மேலே உள்ளவர்களுக்கும்கூட இலவசம்தான். அதை வைத்து வாத்தியாரை எடைபோட முடியாது. சத்துணவு சாப்பிட்டுப் படித்து வந்தவர்கள்தான் நம்மில் பலர். அந்தப் பிள்ளைகளைக் காட்டி நம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? மாநிலக் கல்வித்துறை பள்ளிவாரியாக ஆண்டுதோறும் செயல்பாட்டு அறிக்கை வெளியிடுகிறது. அதில் முதலில் மாணவர் வளர்ச்சியைப் பாருங்கள். முன்பு இதே அளவு மார்க் வாங்கிய மற்ற பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இந்தப் பள்ளிப் பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பது அங்கே தெரியும். அதற்கும் ஓர் எண் தருவார்கள், 50 என்றால் நடு. நாலு வாங்கிய பள்ளி இதில் 60ஐத் தொட்டால் தைரியமாகச் சேருங்கள். எட்டு வாங்கியது 40க்குக் கீழே கிடந்தால் அந்த அறுநூறு டாலர் எதற்கு? ஒரே வருஷத்தை நம்பாமல் இரண்டு மூன்று வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். அப்புறம், பள்ளி நாட்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதும் இருக்கும். அது கூடிக்கொண்டே போனால் நானும் யோசிப்பேன். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று மார்க்கைத் தனித்தனியாகவும் தருவார்கள். புதிதாக வரும் உங்கள் மகளுக்கு அந்த வரிகள் முக்கியம்.

சேர்க்கையின்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று போடுகிறவர்கள் உண்டு. நீங்கள் தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சோதனை வைப்பார்கள். தேறினால் வழக்கமான வகுப்பு மட்டும், இல்லாவிட்டால் காசில்லாமல் கூடுதல் உதவி. தடுப்பூசிச் சான்றையும் பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டையையும் ஊரிலிருந்து கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்தக் கதவு எண்ணைச் சொல்லி எந்தப் பள்ளி என்று அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். ஒரே சாலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு பள்ளிக்குப் போவதுண்டு. தரகர் வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.