அம்பாசடரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. பின் ஆக்ஸில் மேல் வண்டியைத் தாங்கும் பழைய ஸ்பிரிங் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) வளைத்துப் போட்டால் போதுமா?

போதாது. சுத்தியலால் தட்டி வளைத்த பட்டை சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். முறையாகச் சூடேற்றிப் பதம் வைத்தால்தான் நிற்கும். 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றாலும், நல்ல ஸ்பிரிங் பட்டறையில் பழையதை மாதிரி காட்டிப் புதிதாகச் செய்து வாங்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், வண்டி சாயும். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்குத் தனியாக ஜாக்கி கொடுங்கள். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் துளையில் சரியாக உட்கார வேண்டும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட், பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் புதிதாகவே போடுங்கள் (பழைய யூ போல்ட் எப்படியும் துருப்பிடித்துக் கழல மறுக்கும்). ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் துண்டு) நட்டுகளை வண்டியை இறக்கி, எடை பட்டையில் விழுந்த பிறகே முழுதாக முடுக்குங்கள்; தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும்.